ஸ்பூலர்: அச்சு வரிசை மேலாளர்

சர்வர்ல பிரின்ட் ஸ்பூலர் ரன்னிங்னு காட்டுது ஆனா ஒரு பேப்பர் கூட வெளிய வரலன்னு குழம்புறவங்க நிறைய பேரு, அதுக்குக் காரணம் ஸ்பூலர்னா பிரின்டர்னு நினைக்கிறதுதான். ஸ்பூலர்ங்கறது அடிக்க வேண்டிய வேலைகள வரிசையா வாங்கி வச்சு பிரின்டருக்கு அனுப்பற ப்ரோக்ராம்.

ஸ்பூல்னா நூல் சுத்தற உருளை. கம்ப்யூட்டர் பக்கம் வந்தப்ப அது காந்த டேப் சுருள். ஐபிஎம் 1401ங்கற சின்ன கம்ப்யூட்டர் 1959ல வந்துச்சு, அப்பல்லாம் 7090 மாதிரி பெரிய மெஷின் நேரா பிரின்டருக்கு அனுப்பாது, ரிசல்ட்ட டேப்ல எழுதி வச்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிடும், ஆளு அந்த டேப்ப கழட்டி எடுத்துட்டுப் போய் 1401ல மாட்டி பிரின்ட் போடணும். 1401ல மாட்டற 1403 பிரின்டர் நிமிஷத்துக்கு 600 வரி அடிக்கும், அப்ப அது நல்ல வேகம், ஆனாலும் பெரிய மெஷின் அதுக்காக நின்னா கட்டாது. அப்புறம் டேப்ப தூக்கிட்டு நடக்காம அதே மெஷின்லயே டிஸ்க்ல போட்டு வச்சு அடிக்க ஆரம்பிச்சாங்க, பேரு மட்டும் ஸ்பூலாவே நின்னுடுச்சு. இங்கிலீஷ்ல SPOOLங்கற அந்த அஞ்சு எழுத்துக்கு ஒரு நீளமான விரிவு சொல்வாங்க, எனக்கென்னவோ அது பின்னாடி ஒட்ட வச்சதாத்தான் படுது.

தமிழ்ல சுருளின்னு போடலாம், ஆனா இப்ப சுருளே இல்லையே. பிரின்ட் க்யூவுக்கு அச்சு வரிசைங்கற சொல் இருக்கறதால ஸ்பூலருக்கு அச்சு வரிசை மேலாளர்னு வச்சா அது என்ன வேலை பாக்குதுன்னு படிச்சவுடனே தெரியும். கொஞ்சம் நீளம்தான், பரவால்ல.

விண்டோஸ்ல சிஸ்டம்32க்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரின்டர்ஸ்னு ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு வேலைக்கும் வழக்கமா ரெண்டு ஃபைல், எஸ்பிஎல்னு (.SPL) முடியற ஃபைல்ல அடிக்க வேண்டிய டேட்டா, எஸ்எச்டின்னு (.SHD) முடியறதுல யாரு அனுப்பினது எந்த பிரின்டருக்குங்கற விவரம். வரிசை சிக்கிக்கிச்சுன்னா சர்வீஸ நிறுத்தி இந்த ஃபோல்டர காலி பண்ணி திரும்ப ஸ்டார்ட் பண்ணுவாங்க, ஆனா அப்ப எல்லாரோட வேலையும் போயிடும், கேட்டுட்டு பண்ணுங்க. லினக்ஸ்ல கப்ஸ்ங்கற (CUPS) பிரின்ட் சாஃப்ட்வேர் இந்த வேலைய பாக்குது, எல்பிஸ்டாட் கமாண்ட்ல பிரின்டர் நிலையும் காத்திருக்கிற வேலையும் தெரியும்.

பிரின்டர் நிலை வேற சமாச்சாரம். நெட்வொர்க் பிரின்டர்கிட்ட எஸ்என்எம்பி, அதாவது நெட்வொர்க்ல இருக்கற கருவிகளோட நிலைய கேக்கற முறை, அது வழியா கேட்டா 3ன்னா சும்மா இருக்கு, 4ன்னா அடிச்சிட்டு இருக்கு, 5ன்னா சூடாகிட்டு இருக்குன்னு நம்பர்ல சொல்லும், பேப்பர் தீர்ந்தது மூடி திறந்திருக்கறதெல்லாம் தனியா ஒரு எரர் மதிப்புல வரும். விண்டோஸ் போர்ட் செட்டிங்ல எஸ்என்எம்பி டிக் போட்டிருந்து பதில் வரலன்னா நல்லா ஓடற பிரின்டரையும் ஆஃப்லைன்னு காட்டிடும், கேபிள ஆட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி இந்த டிக்க பாருங்க.

இன்னொண்ணு, 2021ல பிரின்ட்நைட்மேர்னு ஸ்பூலர்ல பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு, அதனால டொமைன் கன்ட்ரோலர் (ஆபீஸ்ல எல்லாரோட லாகினையும் சரிபாக்கற சர்வர்) மாதிரி பிரின்ட் போடாத சர்வர்ல ஸ்பூலர் ஓடினாதான் அலர்ட் வரணும், நின்னா இல்ல. பிரின்ட் சர்வர்ல சர்வீஸ் ஓடுதான்னு மட்டும் பாக்காம, வரிசைலயே பழைய வேலை எவ்ளோ நேரமா காத்திருக்குன்னு ஒரு அலர்ட் வைங்க, சர்வீஸ் பிரின்டர் ரெண்டுல எது மக்கர் பண்ணாலும் அதுல மாட்டிக்கும்.