ராணியைப் பார்க்காமல் ராணியை வரைந்தவர்கள்

நிலவொளியில் குதிரைகள் மீது அருகருகே செல்லும் மால்வா சுல்தான் பாஸ் பகதூர், அவர் காதலி ராணி ரூப்மதி ஜோடியை வரையாத வட இந்தியச் சிற்றோவியக்கூடம் குறைவு. அக்பரின் படை மத்திய இந்தியாவின் மால்வாவைப் பிடித்தது 1561இல். ரூப்மதி நஞ்சுண்டு இறந்தாள் என்பது கதை. நாம் இன்று பார்க்கும் படங்களில் பெரும்பாலானவையோ 18ஆம் நூற்றாண்டில் தீட்டியவை. அப்படியானால் ஓவியருக்கு அவள் முகம் எங்கிருந்து கிடைத்தது?

உயிரோடிருந்த ராணிகள் விஷயத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. மன்னர் சபையில் வீற்றிருப்பார். அவருடைய மூக்கையும் மீசையையும் இரட்டைத் தாடையையும் ஓவியர் கண்ணால் பார்த்து வரையலாம். அந்தப்புரத்துக்குள் ஆண் ஓவியர்களுக்கு அநேகமாக இடமில்லை. ஆகவே பல ஜோடிப் படங்களில் அவர் முகம் அவருடையது, அவள் முகம் பட்டறையுடையது.

பட்டறையின் கையிருப்புக்கு 'சர்பா' என்று பெயர். ஒளி ஊடுருவும் மெல்லிய மான்தோலைப் பழைய படத்தின் மேல் வைத்துக் கோடுகளைப் பிரதியெடுப்பார்கள். கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் கீழே உள்ள தாளில் புள்ளிகளாக உருவம் இறங்கிவிடும். நம் ஊரில் ஆரி வேலைக்காரர்கள் ரவிக்கைத் துணியில் டிசைன் பதிப்பதும் இதே வித்தைதான். தோலைப் புரட்டிப் போட்டால் இடப்பக்கம் பார்த்த முகம் வலப்பக்கம் பார்க்கும். பக்கவாட்டு முகத்தில் நெற்றி முதல் மோவாய் வரை ஒரே கோட்டில் சாயல் அடங்கிவிடுவதால், இந்த முறைக்கு அது மிகவும் தோதானது.

ராஜஸ்தானின் கிஷன்கட் மன்னர் சாவந்த் சிங்கும் அவர் காதலி பனி தனியும் கண்ணன், ராதையாகத் தோன்றுவதாகச் சொல்லப்படும் படங்களைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிஹால் சந்த் வளர்த்த பாணி அது. ராதையின் வில் புருவம், காதை நோக்கி நீளும் கண், கூர்மூக்கு எல்லாம் கண்ணனுக்கும் இருக்கின்றன. யார் யாருக்கு முகத்தைக் கடன் கொடுத்தார்களோ!

முகம் அச்சில் வார்த்ததாக இருந்தாலும் நகை அப்படி இருக்கக் கூடாது. பல தாள்களை ஒட்டிச் செய்த 'வஸ்லி' அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறத்தில் அகேட் கல்லால் தேய்ப்பார்கள். நிறத்துகள்கள் படிந்து மேற்பரப்பு வழவழப்பாகும். அதன் மேல் ஈய வெள்ளையைச் சொட்டாக வைத்தால் முத்து. மேடாக இருப்பதால் அது நிஜமாகவே நிழல் போடும். பொன்தூள் பூசிய இடத்தில் ஊசியால் குத்தினால் ஒவ்வொரு குழியும் ஒளியை ஒவ்வொரு திசையில் திருப்பும். படத்தைக் கையில் அசைக்கும்போது நகை மின்னும்.

மரகதத்துக்கு ஜம்முப் பகுதியின் பசோலி ஓவியர்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டுகொண்ட பொருள் வண்டின் சிறகுறை. நாம் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்த பொன்வண்டின் உறவுதான் அது. அந்தப் பச்சை சாயத்தால் வருவதில்லை. சிறகுறையில் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பட்டுத் திரும்பும் பச்சை ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன. மற்ற நிறங்கள் அப்படி வலுப்பதில்லை. வெளிறுவதற்குச் சாயமே இல்லாததால் முந்நூறு ஆண்டுகள் கழித்தும் பளபளக்கிறது.

முத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு ஈய வெள்ளை, ஈய சல்பைடாகிக் கறுத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடைக் கவனமாகக் காட்டினால் அது ஈய சல்பேட்டாகி மீண்டும் வெளுக்கும்; ராணியின் கழுத்தில் கறுத்துக்கிடந்த முத்துகளை ஓவியப் பாதுகாப்பு நிபுணர்கள் வெளுக்கவைப்பது இப்படித்தான்.