முட்டுக்கட்டையை எடுக்கும் டோபமைன்

1957இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்சன் என்ற மருந்தியலாளர் சில முயல்களுக்கு ரிசர்ப்பைன் ஊசி போட்டார். முயல்கள் சாகவில்லை, தூங்கவும் இல்லை. காது தொங்கிப்போய், போட்டது போட்டபடி கிடந்தன. அப்புறம் எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைச் செலுத்தினார். சில நிமிடங்களில் காதுகள் நிமிர்ந்தன. ஒன்றுமே நடக்காததுபோல முயல்கள் நடமாடத் தொடங்கின.

ரிசர்ப்பைன் நம் ஊருக்குப் புதிய சரக்கு இல்லை. சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைப்பதுதான். அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பற்றி பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். மேற்கு நாடுகளின் கவனம் அதன் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் ரிசர்ப்பைனைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உடல் இறுகியது, நடை தளர்ந்தது, கை நடுங்கியது. பார்த்தால் அப்படியே பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம். ஆனால் மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும்.

டோபமைன் என்பது மூளையின் நரம்பணுக்கள் சைகை அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். அதுவரை அதற்குத் தனி மரியாதை இருந்ததில்லை. உடல் நார்அட்ரீனலின் என்ற வேறொரு சைகைப் பொருளைத் தயாரிக்கும்போது நடுவில் உருவாகும் இடைநிலைப் பொருள் என்றுதான் வைத்திருந்தார்கள். ஆனால் எல்-டோபா கொடுத்து விலங்குகள் எழுந்தபோது மூளையில் நார்அட்ரீனலின் அளவு ஏறவில்லை; ஏறியது டோபமைன். மூளையில் இருக்கும் டோபமைனில் பெரும்பங்கு ஸ்ட்ரையேட்டம் என்ற ஒரே பகுதியில் குவிந்திருக்கிறது என்பதும் அதே ஆய்வுக்குழுவில் 1959இல் தெரியவந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஸ்ட்ரையேட்டம் பேசல் கேங்லியா என்ற கூட்டத்தின் நுழைவாயில். மூளையின் ஆழத்தில், இடம் வலம் இரண்டு பக்கமும், நான்கைந்து நரம்பணுத் திரள்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன: ஸ்ட்ரையேட்டம், குளோபஸ் பாலிடஸின் உள் பகுதி, அதன் வெளிப் பகுதி, சப்தலாமிக் கரு, கறுத்த நிறமுள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இவற்றுக்கிடையே யார் யாரை அடக்குகிறார்கள் என்பதுதான் விஷயம்.

உடலை அசைக்கும் கட்டளையை இந்தக் கூட்டம் போடுவதில்லை. கட்டளை மூளையின் வெளி அடுக்கான புறணியிலிருந்து வருகிறது. பேசல் கேங்லியாவின் வாசலில் நிற்கும் உள் பாலிடஸ் செய்வது நேரெதிர் வேலை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதன் நரம்பணுக்கள் நொடிக்கு 60, 70 தடவை துடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் காபா என்ற வேதிப்பொருளை, மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியின் மேல் கொட்டுகின்றன. காபா பட்ட நரம்பணு அடங்கிவிடும். புறணிக்குச் சைகை அனுப்பி அசைவை ஊக்குவிக்க வேண்டிய தலாமஸ் இப்படி எப்போதும் அமுக்கப்பட்டே கிடக்கிறது. ஆக, மூளையின் இயல்பு நிலை நிறுத்தம்தான்.

தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கலாம்; சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இருக்கும்வரை தேர் நகராது. இங்கே வடம் பிடிப்பது புறணி, முட்டுக்கட்டை உள் பாலிடஸ்.

கட்டையை உருவுவது ஸ்ட்ரையேட்டம். அதன் நரம்பணுக்களில் பெரும்பாலானவையும் காபாவைத்தான் சுரக்கின்றன. இங்கேதான் படிப்பவர்களுக்குத் தலை சுற்றும். அடக்குபவனை அடக்கினால் என்ன ஆகும்? அடங்கிக் கிடந்தவன் எழுந்துவிடுவான். புறணி குளூட்டமேட் என்ற வேதிப்பொருளால் ஸ்ட்ரையேட்டத்தைத் தூண்டுகிறது. அது உள் பாலிடஸின் மேல் காபாவைக் கொட்டுகிறது. உள் பாலிடஸ் ஒரு கணம் வாயடைக்கிறது, தலாமஸ் விடுபடுகிறது, கை அசைகிறது. இதற்கு நேர்ப்பாதை என்று பெயர்.

இன்னொன்று சுற்றுப்பாதை. இதில் ஸ்ட்ரையேட்டம் வெளிப் பாலிடஸை அடக்குகிறது. வெளிப் பாலிடஸின் வேலை சப்தலாமிக் கருவை அடக்கி வைப்பது. அது அடங்கியதும் சப்தலாமிக் கரு துள்ளி எழுகிறது. இந்தக் கூட்டத்தில் குளூட்டமேட் சுரந்து பிறரைத் தூண்டுவது இது ஒன்றுதான். அது உள் பாலிடஸை மேலும் தூண்ட, தலாமஸின் மேல் பிடி இன்னும் இறுகுகிறது.

இரண்டு பாதைக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது டோபமைன். சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலிருந்து புறப்பட்டு ஸ்ட்ரையேட்டத்தில் கொட்டுகிறது. நேர்ப்பாதை நரம்பணுக்களில் டி1 என்ற ஏற்பிகள், அதாவது டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள், இருக்கின்றன; டோபமைன் பட்டால் அந்த நரம்பணுக்கள் சுறுசுறுப்பாகும். சுற்றுப்பாதை நரம்பணுக்களில் இருப்பவை டி2 ஏற்பிகள். அதே டோபமைன் பட்டால் இந்த நரம்பணுக்கள் மந்தமாகும். ஒரே பொருள் ஒரு பக்கம் அசைவுக்கு வழி திறக்கிறது, மறுபக்கம் தடையைத் தளர்த்துகிறது. இரண்டின் பலனும் ஒன்றே: அசைவது எளிதாகிறது.

இந்த வரைபடம் 1989, 1990 வாக்கில் உருவானது. இது ரொம்பவும் ஒழுங்காக இருக்கிறது என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. 2010இல் எலிகளில் ஒளியைக் கொண்டு குறிப்பிட்ட நரம்பணுக்களை மட்டும் தூண்டிப் பார்த்தார்கள். நேர்ப்பாதையைத் தூண்டினால் எலி ஓடியது, சுற்றுப்பாதையைத் தூண்டினால் உறைந்து நின்றது. வரைபடம் ஜெயித்தது என்றே சொல்லலாம். ஆனால் 2013இல் இயல்பாக ஓடியாடும் எலிகளைக் கவனித்தபோது, அசையத் தொடங்கும் தருணத்தில் இரண்டு பாதைகளும் சேர்ந்தே வேலை செய்தன. யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. மேசையில் இருக்கும் காபி டம்ளரை எடுக்க வேண்டுமென்றால் கை நீண்டால் மட்டும் போதாது. அடுத்த கை சும்மா இருக்க வேண்டும், தோள் அதிகம் எழக் கூடாது, டம்ளரைத் தொடும் முன்பே விரல்கள் மூடிவிடக் கூடாது. வேண்டிய அசைவுக்கு நேர்ப்பாதை வழிவிட, போட்டியாக வரும் மற்ற அசைவுகளைச் சுற்றுப்பாதை பிடித்து வைக்கிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

பார்க்கின்சன் நோயில் சாவது சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமைன் நரம்பணுக்கள். 1960இல் வியன்னாவில் ஒலே ஹார்னிகீவிச்சும் ஹெர்பர்ட் எரிங்கரும் இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் பெருமளவு வற்றியிருப்பதைக் காட்டினார்கள். இந்த நரம்பணுக்கள் மட்டும் ஏன் சாகின்றன என்பதற்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் வேலைப்பளுவைக் கேட்டால் பரிதாபமாக இருக்கும். மனித மூளையில் இப்படி ஒரே ஒரு நரம்பணுவின் கிளைகளை நீட்டி ஒட்டினால் 4 மீட்டருக்கு மேல் வரும், 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனைக்கும் ஓயாமல் ஆற்றல் வேண்டும். ஏறக்குறைய பாதி நரம்பணுக்கள் போன பிறகுதான் வெளியே அறிகுறி தெரிகிறது. அதுவரை மிச்சமிருப்பவை எப்படியோ ஈடுகட்டிக்கொள்கின்றன.

டோபமைன் குறைந்தால் நேர்ப்பாதை சோர்ந்து, சுற்றுப்பாதை ஓங்கிவிடும். வீட்டில் நடுக்குவாத நோயாளி இருந்தால் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கூடத்தில் நடந்து வருபவர் வாசற்படி நெருங்கியதும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். முன்னால் தள்ளினால் விழுவாரே தவிர நடக்க மாட்டார். தரையில் ஒரு கோடு போட்டு அல்லது ஒரு கம்பை வைத்துத் 'தாண்டுங்க' என்றால் பலர் சட்டென்று தாண்டி நடந்துவிடுவார்கள். கண்ணுக்கு ஓர் இலக்கு கிடைத்ததும், தானாக நடக்க வைக்கும் பேசல் கேங்லியா வழியை விட்டு மூளை வேறு வழியைப் பிடிக்கிறது என்று விளக்குகிறார்கள். அவர் சோம்பலாலோ பிடிவாதத்தாலோ நிற்கவில்லை. இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

மருந்தாக டோபமைனையே கொடுக்கலாமே என்றால், அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. எல்-டோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். இதிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. 1913இல் ஐரோப்பாவில் ஒரு வகை அவரை விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்திருந்தார்கள். 1937இல் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். நடந்த இடம் சென்னை. அதற்கு என்ன பயன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நோயாளிகளுக்கு ஊசி வழியே கொடுத்துப் பார்த்தது 1961இல், வியன்னாவில். சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி, வாய் வழியே பெரிய அளவில் கொடுத்து நடைமுறை மருந்தாக்கியவர் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், 1967இல். இன்று கார்பிடோபாவைச் சேர்த்துத்தான் தருகிறார்கள். எல்-டோபா மூளைக்குப் போகும் முன்பே உடலில் டோபமைனாக மாறிக் குமட்டலைக் கிளப்பாமல் அது பார்த்துக்கொள்கிறது. பூனைக்காலிப் பொடியை இணையத்தில் வாங்கி மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஒரு பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் எல்-டோபா அளவு ஒத்துப்போகாது. இந்த நோயிலோ அளவும் நேரமும்தான் எல்லாமே.

நேரம் என்றதும் சாப்பாடும் சேர்ந்து வருகிறது. எல்-டோபா அமினோ அமிலம் என்பதால், புரதத்திலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்களோடு ஒரே வாசலுக்குப் போட்டி போட வேண்டும். வயிறு நிறைய முட்டையும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் அது வேலை செய்யவில்லை என்று சிலருக்குத் தோன்றுவது இதனால்தான். சில வருடங்கள் போனால் வேறு தொல்லை: மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக நெளியும், வடிந்ததும் இறுகிப்போகும்.

எல்-டோபாவுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே மருந்து இல்லாமல் இல்லை. பாரிஸில் நரம்பியல் மருத்துவர் சார்கோவின் மாணவர் 1867இல் பெல்லடோனா வகைத் தாவரச் சாறு நடுக்கத்தைக் குறைப்பதாக எழுதினார். காரணம் அசிட்டைல்கோலின். ஸ்ட்ரையேட்டத்தில் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் நூற்றில் ஒன்றிரண்டுதான். ஆனால் கிளை பரப்பி எங்கும் கைவைப்பவை. டோபமைன் குறைந்தால் இவற்றின் கை ஓங்கும். அந்த மருந்துகள் இவற்றைத் தடுத்தன. டிரைஹெக்சிபெனிடில் என்ற பெயரில் அந்த வகை இன்றும் இருக்கிறது. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்து மனம் குழம்பும் என்பதால் யோசித்தே தருவார்கள்.

1982இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததை வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அது மூளையில் நச்சாக மாறி, டோபமைனை உள்ளிழுக்கும் வாசல் வழியாகவே அந்த நரம்பணுக்களுக்குள் புகுந்து அவற்றின் ஆற்றல் உற்பத்தியை முடக்கியது. கொடுமையான விபத்துதான். ஆனால் அதே பொருளைக் கொடுத்துக் குரங்குகளில் நோயை உண்டாக்கி ஆராய முடிந்தது. 1990இல் மாலன் டிலாங்கின் குழு அத்தகைய குரங்குகளின் சப்தலாமிக் கருவைச் சிதைத்தபோது அவை மறுபடி நகரத் தொடங்கின. அதே கருவில் மின்முனையைச் செருகித் துடிப்பூட்டும் சிகிச்சையைப் பிரான்சின் கிரெனோபிளில் அலிம் லூயி பெனாபிட் 1990களில் கொண்டுவந்தார்.

எதிர் முனையில், அதாவது அசைவு மிஞ்சிப்போனால், என்ன நடக்கும்? பக்கவாதத்தில் ஒரு பக்கத்துச் சப்தலாமிக் கரு மட்டும் சேதமானால் எதிர்ப்பக்கக் கையும் காலும் தாமாகவே வீசியடிக்கும். கட்டுப்பாடில்லாமல் ஏறிய சர்க்கரையும் ஸ்ட்ரையேட்டத்தைப் பாதித்து இப்படி ஒரு பக்கத்தை ஆட்டுவிப்பதுண்டு. சர்க்கரை இறங்கினால் பெரும்பாலும் ஆட்டமும் அடங்கும். ஹண்டிங்டன் நோய் பரம்பரையாக வருவது. 4ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து 40 தடவையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வந்தால் நோய் வந்தே தீரும். அந்த மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். முதலில் அழிவது சுற்றுப்பாதையின் டி2 நரம்பணுக்கள். தேவையற்ற அசைவுகளைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் கைகால் நடனமாடுகிறது. நோய் முற்றி நேர்ப்பாதையும் அழிந்த பிறகு அதே நோயாளி இறுகிப்போகிறார். ஆட்டத்தைக் குறைக்கத் தரும் டெட்ராபெனசின் மருந்து, ரிசர்ப்பைன் கைவைத்த அதே இடத்தில்தான், நரம்பணு டோபமைனைச் சேமிக்கும் சிறு பைகளில்தான், வேலை செய்கிறது.

டோபமைனை 'இன்ப வேதிப்பொருள்' என்றும் அதற்கு 'விரதம்' இருக்க வேண்டும் என்றும் யூடியூபில் பேசுகிறவர்களைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டது வேறு. எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் டோபமைன் நரம்பணு துடித்தது. விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று பழகிய பிறகு விளக்குக்குத் துடித்தது, ரசத்துக்குத் துடிக்கவில்லை. விளக்கு எரிந்தும் ரசம் வராவிட்டால் வழக்கமான துடிப்பும் நின்றது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமைன் சொல்கிறது; அதைக் கொண்டு ஸ்ட்ரையேட்டம் பழக்கங்களை உருவாக்குகிறது. பிராமிபெக்சால் போன்ற மாத்திரைகள் டோபமைன் ஏற்பிகளை நாள் முழுக்கத் தூண்டுவதால், சில நோயாளிகள் வாழ்நாளில் தொடாத சூதாட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். வெட்கப்பட்டு மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதால் பணம் போகிறது. அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் நின்றுவிடும்.

கடைசியாக, நம் வீடுகளுக்கு மிக அருகில் இருக்கும் விஷயம். டி2 ஏற்பிகளை அடைக்கும் மருந்து எதுவானாலும் பார்க்கின்சன் நோயின் சாயலைக் கொண்டுவர முடியும். மனநோய்க்கான ஹாலோபெரிடால் மட்டுமில்லை. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளுனாரிசின், அசிடிட்டி மாத்திரையோடு சேர்ந்தே வரும் லெவோசல்பிரைடு எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து வருடக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வயதானவருக்குப் புதிதாக நடுக்கமோ தளர்ந்த நடையோ வந்தால், நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது வயிற்று மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். காரணமான மாத்திரையை மருத்துவர் நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பலருக்குச் சரியாகிவிடும். சரியாகாதவர்களில் சிலருக்கு, உள்ளே ஏற்கெனவே தொடங்கியிருந்த உண்மையான நோயை அந்த மாத்திரை முன்கூட்டியே வெளியே காட்டியிருக்கும். டோபமைன் நரம்பு முனைகளைக் காட்டும் ஸ்கேன் ஒன்று இருக்கிறது. முனைகள் நன்றாக இருந்தால் மருந்தால் வந்தது, குறைந்திருந்தால் நோய் என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம்.