காவல் நாயை அடக்கி வைத்த வௌவால்

1994ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள ஹென்ட்ரா என்ற புறநகர்ப் பகுதியில் பந்தயக் குதிரைகள் அடுத்தடுத்து மூச்சுத் திணறிச் செத்தன. அவற்றைப் பழக்கிய பயிற்சியாளரும் இறந்தார். காரணம், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸ். அதன் ஊற்றைத் தேடிப் போனவர்கள் கடைசியில் பழந்தின்னி வௌவால்களிடம் போய் நின்றார்கள். குதிரையையும் மனிதனையும் கொன்ற வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டு, அவை வழக்கம்போல அத்திப்பழத்தையும் யூகலிப்டஸ் பூத்தேனையும் தேடிப் பறந்துகொண்டிருந்தன.

அப்படியானால் வௌவாலுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகமா? அப்படித்தான் தோன்றும். ஆனால் 2013இல் இரண்டு வௌவால் இனங்களின் மரபணுத் தொகுதிகளை முழுமையாகப் படித்தபோது, எதிர்ப்பு மண்டலத்தில் சில பாகங்களே காணாமல் போயிருந்தன. பைஹின் என்றொரு மரபணுக் குடும்பம் உண்டு. செல்லுக்குள் அந்நிய டி.என்.ஏ. நுழைந்தால் கண்டுபிடித்துக் கூச்சல் போடுவது அதன் வேலை. மனிதனிடம் இருக்கிறது, எலியிடம் இருக்கிறது. வௌவாலிடம் ஒன்றுகூட இல்லை. பிறகு பத்து இனங்களில் தேடியும் கிடைக்கவில்லை.

இவ்வளவு முக்கியமான காவலை ஒரு விலங்கு ஏன் இழக்க வேண்டும்? பறத்தல்தான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாலூட்டிகளில் சிறகடித்துப் பறப்பது வௌவால் மட்டுமே. பறக்கும்போது உடல் கொதிக்கிறது, செல்கள் முழு வேகத்தில் ஆற்றலை எரிக்கின்றன. அந்த வேகத்தில் உண்டாகும் கழிவுகள் செல்லின் சொந்த டி.என்.ஏ.வையே உடைத்துவிடும். உடைந்த துண்டுகள் உட்கருவுக்கு வெளியே சிதறும். நம் செல்லாக இருந்தால் அதை வைரஸ் என்று நினைத்து அழற்சியைக் கிளப்பிவிடும். இரவுதோறும் பறக்கிற பிராணிக்கு இரவுதோறும் காய்ச்சல் வந்தால் எப்படி வாழும்? வீட்டு ஆட்களைப் பார்த்தே குரைக்கும் நாயை வைத்துக்கொண்டு யாரால் தூங்க முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. சிதறிய டி.என்.ஏ. பற்றிய செய்தியைக் கடத்த ஸ்டிங் என்றொரு புரதம் இருக்கிறது. மற்ற பாலூட்டிகளில் அதன் 358ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் மாறாமல் நிற்கிறது. வௌவாலில் அந்த ஓர் இடம் மாறிப்போனது. அவ்வளவுதான், எச்சரிக்கை மெலிந்துவிட்டது. 2018இல் வெளியான ஆய்வில், வௌவால் புரதத்தில் செரினைத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். மெலிந்த குரல் மறுபடி உரத்தது! பல கோடி ஆண்டுப் பரிணாமத்தின் ஒரு படியை ஆய்வகத்தில் பின்னோக்கி நடந்து காட்டியது போல.

சரி, நாயை அடக்கினால் திருடன் வரமாட்டானா? அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வைரஸை ஒடுக்கும் இன்டர்பெரான் ஆல்ஃபா என்ற புரதத்துக்கு நம்மிடம் 13 மரபணுக்கள். ஆஸ்திரேலியாவின் கருப்புப் பழந்தின்னியிடம் மூன்றுதான். ஆனால் நம்மில் தொற்று வந்தபின் விழிக்கும் அவை, அதனிடம் எப்போதும் சிறிதளவு விழித்தே இருக்கின்றன. எல்லா வௌவாலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. மனிதனைக் கொல்லக்கூடிய மார்பர்க் வைரஸைச் சுமக்கும் எகிப்தியப் பழந்தின்னி, ஒமேகா என்ற வேறொரு வகை இன்டர்பெரான் மரபணுக்களைப் பெருக்கிக்கொண்டது. 1,400க்கும் மேற்பட்ட இனங்கள், ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் வழி.

வைரஸ் நோய்களில் நம்மை வீழ்த்துவது பல நேரம் வைரஸ் மட்டுமல்ல, அடங்காமல் எரியும் நம் அழற்சியும்தான். வௌவால் அந்தத் தீயைத் தணித்து வைத்திருக்கிறது. அதன் நீண்ட ஆயுளுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்: சைபீரியாவில் ஏழு கிராம் எடையுள்ள வௌவால் ஒன்று 41 ஆண்டு வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது.

ஆனால் இந்தச் சமநிலை வயிறு நிறைந்திருக்கும்வரைதான். ஆஸ்திரேலியாவில் காடு அழிந்து உணவு கிடைக்காத காலங்களில் பழந்தின்னிகள் ஊர்ப்புறங்களுக்கும் பண்ணைகளுக்கும் இடம் மாறின, ஹென்ட்ரா வைரஸை அதிகமாக வெளியேற்றின, குதிரைகளுக்குத் தொற்றியது. மிச்சமிருக்கும் காடுகளில் குளிர்காலத்தில் யூகலிப்டஸ் நிறையப் பூத்த ஆண்டுகளில் அவை ஊரைவிட்டுக் காட்டுக்குத் திரும்பின. அப்போது குதிரைகளுக்குத் தொற்று வரவில்லை.