குழந்தையின் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏன் அதிகம்?

ஒரு வயதுக் குழந்தையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் 5.8 என்று இருந்து, பக்கத்தில் '2.5 – 4.5' என்று அச்சாகியிருந்தால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் அந்த அளவு பெரியவர்களுக்கானது. ஒரு வயதில் 5.8 இருப்பதுதான் முறை.

கைக்குழந்தைக்கு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 5 முதல் 7 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். பள்ளிக்கூட வயதில் 4 முதல் 6 வரை. வளர்ச்சி நின்ற பிறகுதான் பெரியவர்கள் அளவுக்கு இறங்கும். கால்சியம் அப்படியில்லை, பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, 8.5 முதல் 10.5 வரை.

ஏன் ஒன்று மட்டும் மாறுகிறது? எலும்பு கெட்டிப்படுவது கால்சியமும் பாஸ்பேட்டும் (ரத்தத்தில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம்) சேர்ந்து படிகமாகப் படிவதால். படிய வேண்டுமென்றால் ரத்தத்தில் இரண்டும் தாராளமாக இருக்க வேண்டும். கால்சியத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. நரம்பும் தசையும் இதயத் துடிப்பும் அதன் அளவை நம்பி இருக்கின்றன. ஆக, தாராளம் காட்ட மிஞ்சுவது பாஸ்பேட்தான்.

அதற்காகக் குழந்தை கூடுதலாகச் சாப்பிட வேண்டுமென்பதில்லை. வேலை நடப்பது சிறுநீரகத்தில். ரத்தத்திலிருந்து வடியும் பாஸ்பேட்டில் பெரும்பகுதியை அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வளர்ச்சி ஹார்மோன் ஓங்கியிருக்கும் வயதில் இந்தப் பிடி இன்னும் இறுகும். வளர்ந்து முடிந்ததும் தளரும்.

சரி, பெரியவர்கள் அளவை வைத்துப் பார்த்தால் வீண் பயம் மட்டும்தான் மிச்சமா? என்னைக் கேட்டால், வீண் நிம்மதிதான் அதைவிட மோசம். அதே ஒரு வயதுக் குழந்தைக்கு 3.0 வந்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்று சொல்லிவிடும். உண்மையில் அது அந்த வயதுக்கு மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குப் பரம்பரைக் கோளாறால் சிறுநீரகம் பாஸ்பேட்டை ஒழுகவிடும். நடக்கத் தொடங்கியதும் கால் வில்லாக வளையும். வெறும் வைட்டமின் டி குறைபாடு என்று நினைத்து, வழக்கமான வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும் எத்தனை மாதம் கொடுத்தாலும் அந்தக் கால் நேராவதில்லை.