தின்ற பழத்தின் கொட்டை எப்போது முளைக்கும்?

மாங்கொட்டையையும் பேரீச்சை விதையையும் கழுவி ஒரே ஜன்னலோரத்தில் காய வைத்தால், சில வாரங்களில் மாங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பு சுருங்கி இறந்துவிடும். பேரீச்சை விதைக்கோ எந்தக் குறையும் நேராது. அடுத்த ஆண்டு ஊன்றினாலும் அது முளைக்கும். பழக்கொட்டையிலிருந்து வீட்டுக்குள் செடி வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். உரம், தொட்டி, மண் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகே வருகின்றன.

உலர்வைத் தாங்கும் விதைகள், தாங்காத விதைகள் என்ற பாகுபாட்டை 1973-ல் பிரிட்டனைச் சேர்ந்த இ. எச். ராபர்ட்ஸ் முறையாக வகுத்தார். முதல் வகை விதை முற்றும்போதே நீரை இழக்கத் தொடங்குகிறது. அப்போது அதன் செல்களுக்குள் சில சர்க்கரைகளும் தனிவகைப் புரதங்களும் சேர்ந்து, உள்ளிருக்கும் திரவத்தைக் கண்ணாடி போன்ற இறுகிய நிலைக்குக் கொண்டுவருகின்றன. செல்லின் சவ்வுகள் குலையாமல் நிற்பது இதனால்தான். ஈரப்பதம் 5 சதவீதத்துக்குக் குறைந்தாலும் இத்தகைய விதை உயிரோடு இருக்கும். மா, பலா, வெண்ணெய்ப்பழம், ரம்புட்டான் ஆகியவற்றின் விதைகளுக்கு இந்த ஆயத்தம் கிடையாது. அவை சுவாசமும் வளர்ச்சியும் நிற்காத நிலையிலேயே மரத்திலிருந்து விழுகின்றன. ஈரப்பதம் 20 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் பல இனங்களில் சவ்வுகள் சிதைந்து கரு மடிகிறது. ஆண்டு முழுதும் தரை ஈரமாக இருக்கும் காடுகளில் தோன்றிய இம்மரங்களின் விதைகளுக்கு, காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நன்கு பழுத்த பலாப்பழத்தை அறுக்கும்போது உள்ளேயே முளைவிட்ட கொட்டை சில சமயம் கிடைப்பதும் இதே காரணத்தால்தான்.

உலர்வைத் தாங்கும் விதையின் ஆயுள் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குப் பேரீச்சையைவிடச் சிறந்த சான்று இல்லை. இஸ்ரேலில் சாக்கடலோரம் உள்ள மசாடா கோட்டையில் 1960-களில் நடந்த அகழாய்வில் கிடைத்த பேரீச்சை விதைகளில் ஒன்றை, சாரா சாலன், எலைன் சாலவே ஆகிய ஆய்வாளர்கள் 2005-ல் முளைக்கச் செய்தார்கள். கரிமக் காலக்கணிப்பின்படி அதன் வயது சுமார் 2,000 ஆண்டுகள்.

பேரீச்சை விதை முளைக்கும் விதமும் நின்று கவனிக்கத் தக்கது. விதையின் ஒரு பக்கத்தில் நீளவாட்டில் பள்ளம் இருக்கும். மறுபக்கத்தில் சிறிய வட்டப்புள்ளி ஒன்று தெரியும். அதன் அடியில்தான் கரு இருக்கிறது. மீதமுள்ள கடினமான பகுதி முழுவதும் அதற்கான உணவு. முளைக்கும்போது ஒற்றை வித்திலையின் நுனி விதைக்குள்ளேயே தங்கி, கரைந்துவரும் உணவை உறிஞ்சுகிறது. அதன் காம்பு மட்டும் வெளியே நீண்டு, வேரையும் குருத்தையும் தன்னுள் சுமந்தபடி மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் பிறகே, காம்பிலுள்ள பிளவு வழியாக முதல் இலை மேலே வருகிறது. பனையும் இப்படித்தான் முளைக்கிறது. நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு, அவ்வாறு கீழே இறங்கிய முளை மாவுச்சத்தைச் சேர்த்துத் தடித்த பகுதி. பனங்கொட்டையை வெட்டினால் கிடைக்கும் வெண்மையான தவண், யாழ்ப்பாணத்தார் பூரான் என்று சொல்வது, விதைக்குள் தங்கிய அந்த உறிஞ்சும் உறுப்பேயாகும். ஆகவே பேரீச்சைக்கு அகலமான தொட்டியைவிட ஆழமான தொட்டியே பொருத்தம். விதை ஊன்றி ஓரிரு மாதம் மேலே எதுவும் தெரியாவிட்டாலும் தோண்டிப் பார்க்கக் கூடாது. கீழே வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

மாங்கொட்டையின் விஷயத்தில் இதற்கு நேர்மாறாக, தாமதம்தான் பகை. பழம் தின்ற சில நாட்களுக்குள், நார் நிறைந்த ஓட்டின் விளிம்பைக் கவனமாகப் பிளந்து பருப்பை வெளியே எடுத்து, ஈரமான தென்னை நார்த்தூளில் பாதி புதையுமாறு வைத்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் முளை தெரியும். வெளிவரும் இளந்தளிர்கள் செம்பழுப்பாக இருப்பதற்கு ஆந்தோசயனின் என்ற நிறமி காரணம். பச்சையம் நிறையும்வரை மென்மையான இலையைக் கடும் வெயிலிலிருந்து அது காக்கிறது என்று கருதப்படுகிறது. வீட்டுச் செடியாக மாங்கன்றை வைத்துக்கொள்வதற்கு இந்தத் தளிர்களே போதுமான காரணம் என்பேன்.

அந்தக் கன்று பெரிய மரமானால், தின்ற பழத்தையே தருமா? பங்கனபள்ளி, அல்போன்சா போன்ற இந்திய வகைகளின் கொட்டையில் பெரும்பாலும் ஒரே ஒரு கரு இருக்கும். அது மகரந்தச் சேர்க்கையால் உருவானது என்பதால், தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்காது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், இந்தியாவிலிருந்து சென்ற முல்கோபா மாவின் கொட்டையை 1902-ல் ஹேடன் என்பவர் ஊன்றினார். 1910-ல் காய்த்த அந்த மரத்தின் பழம் தாயினுடையதிலிருந்து வேறுபட்டு, சிவந்த தோலுடன் இருந்தது. அதுவே ஹேடன் என்ற புதிய வகையாயிற்று. வெள்ளைக் கொழும்பான் போன்ற வேறு சில வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து பல கன்றுகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை கருவைச் சூழ்ந்துள்ள தாய்த்திசுவிலிருந்தே தோன்றுவதால், அவை தாயின் நகல்களாகவே அமைகின்றன. ஒட்டுக்கட்ட ஒரே சீரான வேர்க்கன்றுகள் வேண்டும் என்பவர்கள் இவ்வகைகளை நாடுவது இதனால்தான்.

ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் இதே பல்கரு இயல்பு உண்டு. பம்பளிமாசில் அது இல்லை. இவற்றின் விதைகளையும் காயவிடாமல் பழத்திலிருந்து எடுத்தவுடனே கழுவி ஊன்றுவது நல்லது. கன்றுகள் பல ஆண்டுகள் முள்ளோடும் பூவில்லாமலும் இருக்கும் என்றாலும், இலையைக் கசக்கினால் வரும் மணம் முதல் இலையிலேயே கிடைத்துவிடும்.

ஆப்பிள் விதையின் தடை வேறு வகையானது. அதற்கு நீரும் வெப்பமும் மட்டும் போதா. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் அதன் கருவை உறக்கத்தில் வைத்திருக்கிறது. ஈரத்தோடு இரண்டு மூன்று மாதம் 5 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் இருந்த பின்னரே அந்தத் தடை தளர்கிறது. இலையுதிர் காலத்தில் விழும் விதை பனிக்காலத்தின் நடுவே முளைத்து மடியாமலிருக்க உருவான ஏற்பாடு இது. ஈரத்துணியில் சுற்றிய விதைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது அந்தப் பனிக்காலத்துக்கு ஈடாகிறது.

முளைத்த பிறகு வீட்டுக்குள் முதன்மையான பற்றாக்குறை ஒளிதான். நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், அறையின் நடுவே சில நூறு லக்ஸே கிடைக்கும். கொட்டையில் சேர்ந்திருந்த உணவு தீரும்வரை கன்று இதனால் வாடுவதில்லை; அதன்பின் தண்டு மெலிந்து நீளத் தொடங்கும். நான்காவது ஐந்தாவது இலை விரியும்போதே தொட்டியை வெயில் விழும் ஜன்னலுக்கோ பால்கனிக்கோ சிறிது சிறிதாக நகர்த்திவிட வேண்டும்.