‘பாட் மெயின்டனன்ஸ்’: தானியங்கியைப் பேணும் உழைப்புக்கு ஒரு தமிழ்ப் பெயர்

நிறுவனங்களின் திட்டக் கூட்டங்களில் ‘பாட் மெயின்டனன்ஸ் எஃபர்ட்’ என்ற தொடர் அடிக்கடி காதில் விழுகிறது. அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் பாட்கள் நின்றுவிடாமலும் தவறிவிடாமலும் பார்த்துக்கொள்ள மனிதர்கள் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கும் தொடர் இது. இங்கே பாட் என்பது நம்மோடு உரையாடும் நிரல் அன்று. மின்னஞ்சலைத் திறந்து, இணைப்பில் உள்ள பில்லின் எண்ணையும் தொகையையும் படித்து, கணக்கு மென்பொருளில் நுழைந்து, உரிய கட்டங்களில் நிரப்பி, பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த பில்லுக்குப் போகும் நிரல். எழுத்தர் ஒருவர் கையும் கண்ணும் கொண்டு செய்துவந்ததை அதே திரைகளின் வழியே அதே வரிசையில் செய்வது.

இந்தத் தொடரில் உள்ள மூன்று சொற்களுக்கும் சரியான தமிழ் தேட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். பெயர் சரியாக அமையாத வேலை யார் கண்ணிலும் படுவதில்லை என்பதை இந்தத் துறையில் நாள்தோறும் பார்க்கிறேன்.

பாட் என்பது ரோபாட் என்பதன் தலை வெட்டப்பட்ட வடிவம். ரோபாட் என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் செக் எழுத்தாளர் காரெல் சாபெக். 1920இல் வெளிவந்து 1921இல் மேடையேறிய ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தில், மனிதருக்காக உழைக்கச் செய்யப்பட்ட செயற்கை உயிர்களுக்கு அவர் இந்தப் பெயரை வைத்தார். பெயரை யோசித்துச் சொன்னவர் அவருடைய அண்ணனும் ஓவியருமான யோசெஃப் சாபெக். செக் மொழியில் ‘ரோபோதா’ என்றால் கட்டாய உழைப்பு. நிலக்கிழாரின் வயலில் குடியானவன் கூலியில்லாமல் செய்துதர வேண்டியிருந்த வேலைக்கு அதுவே பெயர். ஹாப்ஸ்பர்க் ஆட்சிப் பகுதிகளில் 1848இல்தான் அந்த முறை ஒழிந்தது. ஆக, பாட் என்ற சொல்லின் வேரில் இருப்பது இயந்திரம் அன்று, உழைப்பு. இணைய அரட்டை அறைகளில் ஒழுங்கு காத்த சிறு நிரல்களுக்கு இந்தக் குறுக்கம் பெயராக நிலைத்து, பிறகு அலுவலக வேலைக்கும் வந்து சேர்ந்தது.

தமிழில் இதை அப்படியே ஒலிபெயர்த்து எழுதுவதில் ஓர் உண்மையான இடர் இருக்கிறது. வல்லின மெய்யில் முடியும் சொல்லுக்கு வேற்றுமை உருபு சேர்க்கும்போது ‘பாட்’ பாட்டாகிவிடுகிறது. ‘பாட்டைச் சரிசெய்தேன்’, ‘பாட்டு பாதியில் நின்றுவிட்டது’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் இசையைத்தான் நினைப்பார்.

தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்குத் ‘தானியங்கி’ என்ற சொல் வழங்குகிறது. தான் + இயங்கி. ஆட்டோமேட்டிக் என்பதற்கும் இதுவே நிற்கிறது. கிரேக்கத்தின் ‘ஆட்டோமாடோஸ்’, அதாவது தானாகச் செயல்படுவது, என்ற பொருளுக்கு நேரான ஆக்கம். ஓசையும் நன்று, பழகியும்விட்டது. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. ‘தான்’ என்ற முதல் அசையே தவறான நம்பிக்கையைத் தருகிறது. தானே இயங்குவதற்கு ஆள் எதற்கு என்ற கேள்வி அந்தச் சொல்லிலிருந்தே பிறக்கிறது. பாட் ஒன்றை உருவாக்கக் காசு ஒதுக்குகிறவர்கள் அதைக் கவனிக்க ஒதுக்காமல் விடுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

உண்மையில் அது எப்படி இயங்குகிறது என்பதற்கு நான் கையாண்ட ஒரு நிகழ்வு. ஒரு நிறுவனத்தில் பில் தேதிகளைப் படித்துப் பதியும் பாட் ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் அது இருந்த கணினியை மாற்றினார்கள். புதிய கணினியின் அமைப்பில் தேதி வடிவம் நாள்/மாதம் என்பதற்குப் பதிலாக மாதம்/நாள் என்றிருந்தது. 05/03 என்றால் மார்ச் 5. பாட் அதை மே 3 என்று படித்தது. மே 3 என்பதும் முறையான தேதிதான். ஆகவே கணக்கு மென்பொருள் மறுக்கவில்லை, பாட்டின் பதிவேட்டில் ‘வெற்றி’ என்றே ஒவ்வொரு வரியும் முடிந்தது. 12ஆம் தேதி வரை இப்படியே போனது. 13ஆம் தேதி 13/03 வந்தது. பதின்மூன்றாவது மாதம் கிடையாது. அன்றுதான் பாட் நின்றது. பின்னோக்கிப் பார்த்தபோது பன்னிரண்டு நாள் பதிவுகளில் ஒரு நாளுடையது மட்டும் சரியாக இருந்தது. அது மார்ச் 3. எப்படிப் படித்தாலும் 03/03 மாறாது அல்லவா?

அமைப்பைத் திருத்த ஐந்து நிமிடம் ஆகவில்லை. தவறாகப் பதிந்தவற்றைத் தேடி, ஒவ்வொன்றாக நீக்கி, மறுபடி பதிய மூன்று பேருக்கு நான்கு நாள் ஆனது. பாட்டின் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, பிழையும் இல்லை. அது கேட்டதைச் சொன்னபடி செய்தது. மாறியது அதைச் சுற்றியிருந்த உலகம்.

இதனால்தான் ‘ஏவல்நிரல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏவு என்ற வினையடியிலிருந்து வந்தது ஏவல். கட்டளை என்று பொருள். ஏவலாள் என்பவர் சொன்ன வேலையைச் செய்பவர். இலக்கணத்தில் நட, வா, செய் போன்றவை ஏவல் வினைகள். கணினி நிரல் என்பதே ஏவல்களின் வரிசைதான் என்பதால் பொருத்தம் இன்னும் கூடுகிறது. சாபெக்கின் சொல்லில் இருந்த ‘பிறருக்காகச் செய்யும் வேலை’ என்ற பொருளும் இதில் தங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏவல் என்றவுடன் ஏவுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது நினைவுக்கு வருகிறது. தானியங்கி அந்த ஆளை மறைத்துவிடுகிறது.

அடுத்தது மெயின்டனன்ஸ். லத்தீன் ‘மனு தெனேரே’, கையில் பிடித்திருத்தல், என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாம் வழங்கும் ‘பராமரிப்பு’ வடமொழி ‘பராமர்ச’ என்பதோடு உறவுடையது. அதற்கும் தொடுதல், பற்றுதல், ஆராய்தல் என்ற பொருள்கள் உண்டு. இரண்டு சொல்லிலும் கை இருக்கிறது. பராமரிப்பு நன்கு வேரூன்றிய சொல். அதை விலக்க வேண்டியதில்லை. ஆனால் தொடர்ந்து எழுதும்போது ‘பேணல்’ என்ற தமிழ்ச்சொல் சிறியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கிறது: பேணுபவர், பேணாமை, பேணத்தக்க. உடல்நலம் பேணுதல் என்று சொல்கிறோம். உடல்நலத்தை ஒருநாள் பேணிவிட்டு நிறுத்த முடியாது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. காப்பு என்ற சொல்லும் உண்டு. பயிருக்கு உழுவதைவிட எரு இடுவது நல்லது, களை எடுத்தபின் நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் காப்பது நல்லது என்னும் குறளில் (1038) ‘நீரினும் நன்றதன் காப்பு’ என்று வருவது இந்தப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. எனினும் இன்று காப்பு என்றால் பாதுகாப்பு என்றே கொள்வதால், பேணல் குழப்பமில்லாதது.

மென்பொருள் பேணலை 1976இல் ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் மூன்றாகப் பகுத்தார்: பிழையைத் திருத்துவது, சூழல் மாறும்போது அதற்கேற்ப மாற்றுவது, இருப்பதை மேம்படுத்துவது. ஐஎஸ்ஓ/ஐஇசி 14764 என்ற பன்னாட்டுத் தரம் வருமுன் தடுப்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தது. திருத்தப் பேணல், தகவமைப்புப் பேணல், மேம்பாட்டுப் பேணல், தடுப்புப் பேணல் என்று சொல்லலாம்.

ஏவல்நிரலைப் பொறுத்தவரை கனமானது இரண்டாவது வகை. மற்ற மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு முறையான இடைமுகங்கள் உண்டு. மாற்றினால் முன்னறிவிப்பு வரும். திரையைப் பார்த்து வேலை செய்யும் ஏவல்நிரலுக்கு அப்படி எந்த உடன்பாடும் இல்லை. ‘சமர்ப்பி’ என்றிருந்த பொத்தான் ‘அனுப்பு’ என்றாகிவிடும். கடவுச்சொல் காலாவதியாகும். எதிர்பாராத அறிவிப்புப் பெட்டி ஒன்று திரையின் நடுவில் வந்து நிற்கும். எக்செல் கோப்பில் யாரோ நல்லெண்ணத்தோடு புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்ப்பார்கள். மனிதன் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும் மாற்றம் இங்கே வேலையை நிறுத்தும், அல்லது அதைவிட மோசமாக, நிறுத்தாமல் தவறச் செய்யும். திரையை மாற்றிய குழுவுக்கு இப்படியொரு நிரல் அங்கே ஓடுவதே பெரும்பாலும் தெரியாது. நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் நிரலின் பெயரில் உள்நுழைவு உரிமை மட்டும் மிஞ்சி, கேட்பாரற்றுக் கிடக்கும். பயன்பாட்டில் உள்ள மென்பொருள் தொடர்ந்து மாறாவிட்டால் நாளடைவில் பயன் குன்றும் என்று மென்பொருள் ஆய்வாளர் லேமன் 1974இல் வகுத்த விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால் மனிதனிடம் எஞ்சுவது கடினமானவை. அன்றாடப் பழக்கம் விட்டுப்போனதால் அவற்றைச் செய்யும் திறனும் அவனிடம் குறைகிறது. உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதியது இது. நான் சொன்ன நிகழ்வில் அதுதான் நடந்தது. பில்களைக் கையால் பதிந்து பழகியவர்கள் வேறு பிரிவுகளுக்குப் போயிருந்தார்கள். தவறான பதிவை எப்படி நீக்குவது என்பதை அவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது.

எஃபர்ட் என்பதை ‘முயற்சி’ என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. முயற்சி கைகூடலாம், கைகூடாமலும் போகலாம். திட்டமிடலில் எஃபர்ட் என்பது செலவாகும் வேலையின் அளவு. ‘உழைப்பு’ என்பதே நேர்ச்சொல். அதை அளக்க ஆள்நாள், அதாவது ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை, என்ற அலகு ஏற்கனவே இருக்கிறது.

மூன்றையும் சேர்த்தால் ‘ஏவல்நிரல் பேணல் உழைப்பு’. தானியங்கி என்று எழுதிப் பழகியவர்கள் ‘தானியங்கிப் பேணல் உழைப்பு’ என்று எழுதினாலும் சரி. பேணல், உழைப்பு என்ற இரு சொற்களை மட்டும் விட்டுவிட வேண்டாம். திட்ட அறிக்கையில் இப்படி வரலாம்: “பில் பதியும் ஏவல்நிரல். உருவாக்கம்: 20 ஆள்நாள். பேணல் உழைப்பு: மாதம் 3 ஆள்நாள். பேணுபவர்: ______.” அந்தக் கடைசிக் கோடு காலியாக இருக்கும் அறிக்கையில் நான் இப்போது கையெழுத்திடுவதில்லை.