ஒளித்துவைக்க முடியும், முடித்துவைக்க முடியாது

வீட்டில் நிம்மதியில்லாத பிள்ளைகளுக்கு நண்பர்கள்தான் குடும்பம். அந்தக் குடும்பம் எவ்வளவு தூரம் காப்பாற்றும், எந்த இடத்தில் கைவிட்டுப்போகும் என்பதைப் புரிந்துகொள்ளப் பெற்றோரும் ஆசிரியரும் எஸ்.இ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைப் படிக்கலாம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், தான் வளர்ந்த டல்சா நகரத்தை மனத்தில் வைத்து ஹின்டன் இதை எழுதினார். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. நாவல் 1967இல் வெளிவந்தது.

கதையைச் சொல்லும் போனிபாய்க்கு 14 வயது, அவன் நண்பன் ஜானிக்கு 16. போனிபாயின் பெற்றோர் கார் விபத்தில் இறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. 20 வயது அண்ணன் டேரி தம்பிகளை வளர்க்கிறான். ஏதாவது வம்பு என்று வந்தால் தம்பிகளைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அந்த வீட்டில் எப்போதும் உண்டு. ஜானிக்கு வீட்டில் கிடைப்பது அப்பாவின் அடியும் அம்மாவின் ஏச்சும். ஓரிரவு பூங்காவில் வசதியான வீட்டுப் பையன்கள் போனிபாயின் தலையை நீரூற்றில் அமுக்குகிறார்கள். நண்பனைக் காப்பாற்ற ஜானி கத்தியை எடுக்கிறான். ஒருவன் இறந்துபோகிறான்.

அந்தக் கத்தி ஜானியின் கால்சட்டைப் பையில் ஏன் இருந்தது? சில மாதங்களுக்கு முன் அதே மாதிரிப் பையன்களிடம் சாகும் அளவுக்கு அடி வாங்கியிருந்தான். அதன் பிறகுதான் கத்தி. பள்ளிப் பையில் ஆயுதம் கிடைத்தால் அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் “யாரைக் குத்த வெச்சிருக்க?” என்பதற்கு முன் “யாரைப் பார்த்துப் பயப்படற?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வரும்.

இருவரும் அன்றிரவு டேரியிடம் போகவில்லை, 17 வயது நண்பன் டாலியிடம் ஓடுகிறார்கள். டாலி 50 டாலரும் ஒரு துப்பாக்கியும் கொடுத்து, சரக்கு ரயிலேறிப் போய் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் பதுங்கச் சொல்கிறான். அவனுடைய அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நடந்தது தற்காப்பு என்று எடுத்துப் பேசக்கூடிய ஒரு பெரியவர் அந்த வட்டத்தில் இல்லை. பிள்ளைகளால் ஒருவரையொருவர் ஒளித்துவைக்க முடியும். பிரச்சினையை முடித்துவைக்க முடியாது. ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பி வரும் வழி இன்னும் கடினமாகிறது.

சரணடையலாம் என்று கடைசியில் முடிவெடுப்பது ஜானிதான். போனிபாயை அவன் அண்ணன்களிடமிருந்து பிரித்துவைப்பது நியாயமில்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. அப்போது டாலியிடம் ஒன்று கேட்கிறான்: என் அப்பா அம்மா என்னை விசாரித்தார்களா? இல்லை, பையன்கள்தான் கவலைப்பட்டார்கள் என்கிறான் டாலி. “வீட்டைவிட அந்தக் கூட்டாளிங்கதான் பெருசாப் போச்சா?” என்று கேட்கும் பெற்றோர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஆகவே அந்த நட்பை வெட்டிவிடப் பார்க்காதீர்கள். “இனிமே அவனோட சேராதே” என்று சொன்னால் நட்பு நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். அந்த வட்டத்துக்குள் நம்பத்தகுந்த ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

நண்பனின் ரகசியத்தைச் சுமந்துகொண்டு வரும் பிள்ளை முதலில் சத்தியம் கேட்கும்: “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க மிஸ்.” அவசரப்பட்டுச் சத்தியம் செய்துவிடாதீர்கள். தற்கொலை எண்ணம், வீட்டிலோ வெளியிலோ அடி, பாலியல் தொல்லை, ஓடிப்போகும் திட்டம், ஆயுதம் ஆகியவை மூடிவைக்கக்கூடிய விஷயங்கள் அல்ல. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பது இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. இப்படிச் சொல்லலாம்: “உயிருக்கு ஆபத்துன்னா என்னால மூடி வெச்சுக்க முடியாதும்மா. ஆனா யார்கிட்ட, என்ன சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்.” சொன்னபடி செய்யுங்கள். வந்து சொன்ன பிள்ளையின் பெயர் வகுப்பில் கசிந்தால் ‘போட்டுக்கொடுத்தவள்’ என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த வகுப்பிலிருந்து ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நண்பனை இழந்த பிள்ளையை நாம் அதிகம் மறந்துவிடுகிறோம். சாவு வீட்டில் உறவுக்காரர்களுக்குத்தான் ஆறுதல் கிடைக்கிறது, நண்பன் ஓரமாக நிற்கிறான். நாவலில் எரியும் தேவாலயத்துக்குள் சிக்கிய குழந்தைகளை மீட்கப் போய்ப் படுகாயமடைந்த ஜானி, பிறகு மருத்துவமனையில் இறந்துபோகிறான். உடைந்துபோன டாலி அன்றிரவே குண்டில்லாத துப்பாக்கியைப் போலீசிடம் நீட்டிச் சுடப்படுகிறான். அந்தச் சில மணி நேரம் யாராவது அவன் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். போனிபாயோ ஜானி சாகவே இல்லை என்கிறான், குத்தியது நான்தான் என்கிறான். படிப்பு சரிகிறது. இதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளாமல், அடுத்த சில மாதங்களுக்கு அவனுடைய தூக்கத்தையும் சாப்பாட்டையும் மதிப்பெண்ணையும் கவனித்துவர வேண்டும். வாரம் ஒருமுறை இறந்தவனின் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இலங்கையில் மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. நண்பனுக்காகக் கவலைப்படும் பிள்ளையும் இந்த எண்களை அழைக்கலாம்.